மூட்டு ஆபரேஷன் ஆனவரோடு தீம் பார்க் போகிறீர்களா? போன் பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து தேறிவரும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு லீவுக்குத் தீம் பார்க் போகலாம் என்று நினைக்கிற மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்துக் குடும்பங்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். வீல்சேர் உண்டு, பேட்டரி கார் உண்டு, வயதானவர்களுக்குச் சலுகை உண்டு என்று சொல்லித்தான் எங்களிடம் டிக்கெட்டை விற்றார்கள். போய் இறங்கிய பிறகு மூன்றில் ஒன்றும் சொன்னபடி இல்லை. பணமும் திரும்பி வரவில்லை. பணத்தைவிட எனக்கு ஆறாதது, நன்றாகத் தேறிக்கொண்டிருந்த என் பெரியம்மாவின் கால் அங்கே வீங்கிப்போனதுதான். புகார் நிலுவையில் இருப்பதால் பார்க்கின் பெயரை எழுதவில்லை. மதுரையிலிருந்து காரில் காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பிவிடக்கூடிய தூரம், அவ்வளவு போதும்.

பெரியம்மாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். களையெடுப்பு, கறவை மாடு, தலைச்சுமை என்று வாழ்க்கை முழுக்க உழைத்ததில் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வலது காலுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்றினார்கள். வாக்கரில் ஆரம்பித்து, கைத்தடிக்கு வந்து, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே படி ஏறி இறங்கும் அளவுக்குத் தேறியிருந்தார். மூன்று மாதம் கடந்திருந்தது. காரில் போகலாம், நடுநடுவே காலை நீட்டி வையுங்கள், தாழ்வான இடத்தில் உட்கார வேண்டாம், குத்தவைக்கவே கூடாது, ஈரத்தரை கவனம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். "அம்மாச்சி வரலைன்னா நாங்களும் போகல" என்று என் பிள்ளைகள் நின்றதால் அவரும் சம்மதித்தார்.

பணம் கட்டும் முன் நானே பார்க்குக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். வீல்சேர் கிடைக்குமா? வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழும்பக் கைப்பிடியோடு இருக்கிறதா? எந்த சவாரியிலும் ஏறப்போகாத அறுபது தாண்டியவருக்கு என்ன டிக்கெட்? எதிர்முனையில் பேசியவர் எதற்கும் தயங்கவில்லை. "எல்லாமே இருக்கு மேடம். கேட்ல இறங்கினா பேட்டரி கார்லயே உள்ள வரைக்கும் கூட்டிட்டுப் போயிருவோம். சீனியர் சிட்டிசனுக்குப் பாதிதான். ஆனா ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான், இப்பவே போட்டுருங்க" என்றார். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன். "வீல்சேர் அவைலபிள் மேடம், சீனியர் கன்செஷன் கவுன்டர்ல ரிட்டர்ன் பண்ணிருவாங்க" என்று வந்தது. அதாவது ஆன்லைனில் முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும், பாதியை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு வரிதான் இன்று எங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி.

வாசலில் கவுன்டர்க்காரர் அந்த மெசேஜைப் பார்த்துவிட்டு, "அது மார்க்கெட்டிங் டீம் சொல்றது, எங்களுக்குத் தெரியாது. கன்செஷன் வீக் டேஸ்ல மட்டும்தான்" என்றார். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமைக்குத்தான் டிக்கெட் கேட்கிறோம் என்று தெரிந்தேதான் போனில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது சோதனை. காலுக்குள் உலோக மூட்டு இருப்பவர்கள் மெட்டல் டிடெக்டரில் நின்றால் சத்தம் வரும். பெரியம்மா நின்றதும் கருவி கத்தியது. ஆபரேஷன் என்று சொன்னேன், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினேன். அங்கே நின்ற பார்க்கின் பெண் காவலாளி காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் அத்தனை ஆண்கள் நிற்கும்போதே சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டச் சொன்னார். தனியாக மறைவாக ஓர் இடம் கேட்டதற்கு "அதெல்லாம் இல்ல, லேட் ஆகுது" என்றார். மீனாட்சியம்மன் கோயில் வாசலிலும்தான் சோதனை இருக்கிறது. ஆபரேஷனுக்கு அப்புறம் நாங்கள் போனபோது அங்கே நின்ற பெண் போலீஸ், "எந்தக் காலும்மா?" என்று கேட்டுவிட்டு, திரைக்குள் கூட்டிப்போய்ப் பார்த்து, கையைப் பிடித்து வெளியே விட்டார். அதே வேலையை மரியாதையாகவும் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன். பார்க் வாசலில் பெரியம்மா முகம் சுருங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

அங்கேயே இன்னொன்றும் நடந்தது. வீக்கம் வந்தால் வைப்பதற்கென்று ஐஸ் பேக்கைத் தெர்மல் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தோம். அதை "வெளிச் சாப்பாடு" என்று பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். திறந்து காட்டினோம், உள்ளே ஒரு பருக்கை கிடையாது. பை உள்ளே போகக் கூடாது என்பதிலேயே நின்றார்கள்.

வீல்சேர் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு டயரில் காற்றில்லை. இன்னொன்றுக்குக் கால் வைக்கும் தட்டு ஒரு பக்கம் இல்லை, அதுவும் வலது பக்கம். ஆபரேஷன் செய்த காலைத் தொங்கவிட்டுக்கொண்டே உட்கார்ந்தால் ரத்தம் இறங்கி வீக்கம் கூடும், தள்ளும்போது பாதம் தரையில் இடித்து மூட்டு திருகிக்கொள்ளும். அந்த ஓட்டை வண்டிக்கு ஆயிரம் ரூபாய் டெபாசிட். பேட்டரி காரைக் கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருப்பதால் அவர்களுக்கு ஒதுக்கிவிட்டோம் என்றார்கள். பேட்டரி கார் ஒன்றாவது ஓடியதை அன்று முழுக்க நாங்கள் பார்க்கவில்லை.

உள்ளே சாய்தளம் என்ற பெயரில் சிமென்ட் பூசி வைத்திருக்கிறார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சரிவு வேண்டும் என்பது கட்டடம் கட்டுகிறவர்கள் எல்லோரும் அறிந்த 1:12 கணக்கு. அங்கே இரண்டு படி உயரத்தை நாலடி நீளத்துக்குள் முடித்திருந்தார்கள். என் கணவரும் தம்பியும் முன்னும் பின்னும் பிடித்து வண்டியைத் தூக்கித்தான் ஏற்றினார்கள்.

டாய்லெட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பெண்கள் இதை வெளியே சொல்வதே இல்லை. பெண்கள் பக்கம் வரிசையாக எல்லாம் இந்தியன் டாய்லெட். மூட்டு மாற்றியவர் அதில் உட்காரவே முடியாது, உட்கார்ந்தாலும் எழும்ப முடியாது. கடைசியில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவு ஒன்று இருந்தது, பூட்டிக் கிடந்தது. சாவிக்காக ஒவ்வொருவராகத் தேடி அலைந்து, ஒருவழியாகத் திறந்தால் உள்ளே வாளி, துடைப்பம், பினாயில் கேன். கோப்பையின் மேலேயே அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். "யாரும் யூஸ் பண்றதில்லக்கா, அதான்" என்றார் துப்புரவு செய்யும் பெண். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர்தான் பாவம் பெட்டிகளை இறக்கி, கழுவிவிட்டு, பெரியம்மா வெளியே வரும்வரை கதவருகில் நின்றார். அதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் பெரியம்மா அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மாலை வரை தண்ணீரே குடிக்க மாட்டேன் என்றுவிட்டார். வெயிலில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிழலான உட்காரும் இடம் ஒன்றே ஒன்று, அது நீர் விளையாட்டுப் பகுதிக்கு அந்தப் பக்கம். போகும் வழி முழுக்க வழவழப்பான டைல்ஸ், அதில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, ரப்பர் பாய் கிடையாது. வீல்சேர் இதற்கு மேல் வரக் கூடாது, செருப்பும் கழற்ற வேண்டும் என்று காவலர் தடுத்தார். ஆபரேஷன் ஆனவர், வழுக்காத செருப்பு போட்டிருக்கிறார், அனுமதியுங்கள் என்று கேட்டோம். "ரூல்ஸ்ங்க" என்பதுதான் பதில். வெயிலிலேயே உட்கார வைக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் நாங்கள் தாங்கிக்கொண்டு போகும்போதே பாதம் வழுக்கிவிட்டது. விழவில்லை, தம்பி இடுப்போடு பிடித்துக்கொண்டான். ஆனால் ஊன்றியிருந்த வலது கால் உள்பக்கமாகத் திருகிவிட்டது. பெரியம்மா சத்தமே போடவில்லை, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முதலுதவி அறைக்கு ஓடினேன். பூட்டு. நர்ஸ் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். ஐஸ் பேக் வாசலில் அவர்களிடமே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜூஸ் கடையில் காசு கொடுத்து ஐஸ் கட்டி வாங்கி, துண்டில் சுற்றி வைத்தோம். அந்தத் துண்டுக்குக்கூட அவர்கள் கடையில்தான் காசு கொடுத்தோம்.

திரும்பும்போது பணத்தைக் கேட்டோம். டிக்கெட்டில் திருப்பித் தரப்படாது என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். புகார்ப் புத்தகம் கேட்டோம், இல்லை என்றார்கள். வீல்சேர் டெபாசிட்டைத் தரும் இடத்தில் ஒரு பையன், "கூகுள்ல அஞ்சு ஸ்டார் போட்டுக் காட்டுங்க, உடனே தந்துருவோம்" என்றான். போடவில்லை. அந்த ஆயிரம் ரூபாயை வாங்க என் கணவர் மேனேஜர் அறை வாசலில் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. அந்தப் பார்க்குக்குக் கிடைத்திருக்கும் ஐந்து நட்சத்திரங்களை நான் இப்போது எப்படி நம்புவேன்?

அன்று இரவே முழங்கால் புடைத்துவிட்டது. மறுநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் பொருத்திய மூட்டு இடம் விலகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் சுற்றியிருக்கும் தசைநாரில் காயம். மறுபடி வாக்கர், மறுபடி காலை மடக்கும் பயிற்சியை ஆரம்பத்திலிருந்து. டாக்டர் அப்போது சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டிலும் உதவும்: மூட்டு மாற்றியபின் முழங்காலைச் சுற்றி வீக்கம் சில மாதம் இருப்பது சகஜம், ஆனால் கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், சூடு, சிவப்பு கண்டால் ரத்தம் கட்டியிருக்கக்கூடும். தைலம் தேய்த்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"தனியார் இடம், நாம என்ன செய்ய முடியும்" என்று சொந்தத்திலேயே பலர் சொன்னார்கள். செய்ய முடியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொதுக் கட்டடம் என்பதில் தனியார் நடத்துவதும் அடக்கம், பொழுதுபோக்கு இடங்களும் அடக்கம். தடையில்லாமல் வந்துபோகும் வசதி செய்வது அவர்கள் கருணை அல்ல, கடமை. பூட்டிக் கிடந்த அந்தக் கதவும் நாலடிச் சாய்தளமும் அந்தக் கடமையை ஏமாற்றுவதற்காகவே வைத்தவை. சொன்ன வசதியைத் தராதது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. இந்தச் சட்டத்தில் நமக்கு ரொம்ப வசதியான ஒன்று, பார்க் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

நான் முதலில் 1915-இல் பதிந்தேன். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். டிக்கெட், வாட்ஸ்அப் மெசேஜ், அட்டைப்பெட்டி அடுக்கிய டாய்லெட்டின் போட்டோ, டெபாசிட் ரசீது, எக்ஸ்ரே ரிப்போர்ட், பிசியோதெரபி பில் எல்லாவற்றுக்கும் நகல் வைத்தேன். அங்கே நிற்கும்போதே போட்டோ எடுத்தது என் தம்பி. அவனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், அடுத்த நாள் போயிருந்தால் அந்தப் பெட்டிகள் இருந்திருக்காது.

ஆகவே நீங்கள் போவதாக இருந்தால், இருக்கிறதா என்று கேட்காதீர்கள், போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வீல்சேரின் இரண்டு கால் தட்டும் தெரிய வேண்டும், டாய்லெட்டின் கைப்பிடி தெரிய வேண்டும். மருந்துப் பையையும் ஐஸ் பேக்கையும் உள்ளே விடுவோம், செருப்போடு நடக்கவிடுவோம் என்று எழுதி வாங்குங்கள். சலுகையைப் பிறகு திருப்பித் தருகிறோம் என்றால் கட்டவே கட்டாதீர்கள், சலுகை கழித்த டிக்கெட்தான் டிக்கெட். இதையெல்லாம் செய்ய மாட்டோம் என்கிற இடத்துக்கு வீட்டுப் பெரியவரைக் கூட்டிப்போகாதீர்கள். பிள்ளைகளோடு அவரும் ஒரு நாள் வெளியே இருக்க வேண்டும் என்பதுதானே நம் ஆசை? மதுரை புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். லிஃப்ட் இருக்கிறது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, உள்ளே போகக் காசு கிடையாது. வாக்கரோடு பெரியம்மாவைப் பிறகு அங்கேதான் கூட்டிப்போனோம். பிள்ளைகள் படம் பார்த்துக் கதை சொல்ல, அவர் முதுகு சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நோட்டீஸ் போன பிறகு பார்க்கிலிருந்து ஒருவர் பேசினார். குடும்பத்துக்கே இலவச பாஸ் தருகிறோம், புகாரை விட்டுவிடுங்கள், எங்கேயும் எழுதாதீர்கள் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பெரியம்மா, "ஏத்தா, அந்தக் கக்கூஸ் சாவி இப்பவாச்சும் கதவுலயே தொங்குதான்னு கேளு" என்றார். கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மறுபடி பாஸைப் பற்றியே பேசினார். மதுரை ஆணையத்தில் புகாரைக் கொடுத்துவிட்டோம். கட்டிய பணத்தோடும் மருத்துவச் செலவோடும் சேர்த்து, அந்த டாய்லெட்டையும் சாய்தளத்தையும் சரிசெய்ய உத்தரவிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். இதே மாதிரி சலுகை, வீல்சேர் என்று சொல்லி டிக்கெட் விற்கப்பட்டவர்கள் யாராவது இருந்தால் அந்த மெசேஜையும் ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.