டெபியன்: ஸ்டேபிளா, டெஸ்டிங்கா, சிட்டா?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஸ்டேபிள், டெஸ்டிங், சிட் என மூன்று கிளைகளில் கிடைக்கிறது. ஸ்டேபிள் பழசு, அன்ஸ்டேபிள் எனப்படும் சிட் ஆபத்து, ஆகவே நடுவில் உள்ள டெஸ்டிங்தான் பொருத்தம் என்று பலரும் முடிவெடுக்கிறார்கள். அன்றாட வேலைக்கான கணினி என்றால், இந்த மூன்றில், ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டியது டெஸ்டிங்குக்குத்தான்.

புதிய பேக்கேஜ் (நிறுவத் தயாரான மென்பொருள் பொதி) முதலில் சிட்டுக்கு வரும். அவசரத்தைப் பொறுத்துப் பொதுவாக 2, 5 அல்லது 10 நாள் அங்கே இருக்கும். புதிதாகக் கடுமையான வழு ஏதும் பதிவாகாமல், அது சார்ந்திருக்கும் பேக்கேஜ்களும் தயாராக இருந்தால்தான் டெஸ்டிங்குக்குள் நுழையும். இந்த வடிகட்டி வழுக்களோடு சேர்த்துத் திருத்தங்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உலாவியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை என்று வையுங்கள். ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு தனியே திருத்தம் தரும். சிட்டுக்கு நேரடியாக வரும். டெஸ்டிங்கோ ஏதாவதொரு லைப்ரரி (பல செயலிகள் பகிரும் நிரல்) மாற்றம் முடியும்வரை காத்துக் கிடக்கலாம்.

வடிகட்டி எல்லாவற்றையும் பிடிப்பதும் இல்லை. 2024 மார்ச் 29 அன்று அம்பலமான எக்ஸ்இசட் பின்கதவு (கோப்புகளைச் சுருக்கும் கருவியில் ஒளித்துவைத்த ரகசிய நுழைவழி) சிட், டெஸ்டிங் இரண்டையும் எட்டியிருந்தது. அப்போதைய ஸ்டேபிளான புக்வார்மில் இருந்தது பின்கதவு இல்லாத பழைய 5.4 வரிசை, அதனால் தப்பியது. டெபியன் பழைய நிரலையே ‘5.6.1+ரியலி5.4.5’ என்று எண்ணிட்டு அனுப்பியது. காரணம், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் தானாகக் குறைந்த எண்ணுக்கு இறங்காது. டெஸ்டிங்குக்கு ஏறியவர் ஸ்டேபிளுக்குத் திரும்ப நினைத்தாலும் இதே சிக்கல்தான். மறுநிறுவல் ஒன்றே நம்பகமான வழி.

இப்போதைய ஸ்டேபிள் 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான ட்ரிக்ஸி: கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) 6.12, நீண்டகால ஆதரவையும் சேர்த்து 5 ஆண்டு. சர்வருக்கு இதைத் தவிர வேறெதையும் யோசிக்கவே வேண்டாம். புது லேப்டாப்பில் வைஃபை எடுக்கவில்லையா? ஸ்டேபிளுக்கென மறுதொகுத்த புதிய பேக்கேஜ்களின் களஞ்சியமான பேக்போர்ட்ஸைச் சேர்த்து, கெர்னலையும் ஃபர்ம்வேரையும் (வன்பொருளுக்குள் இயங்கும் மென்பொருள்) மட்டும் அங்கிருந்து நிறுவுங்கள். ஆப்ட் அதற்குத் தரும் முன்னுரிமை குறைவு (100) என்பதால் நீங்கள் கேட்காத எதுவும் தானாக மாறாது. ஒரே ஒரு செயலிதான் புதிதாக வேண்டுமென்றால் ஃபிளாட்பேக் (செயலியை சிஸ்டத்தோடு கலக்காமல் தனியே நிறுவும் முறை) போதும். அதற்காக ஸ்டேபிளின் மூலப்பட்டியலில் (ஆப்ட் எங்கிருந்து பேக்கேஜ் எடுக்க வேண்டும் என்ற பட்டியல்) டெஸ்டிங் வரியைச் சேர்த்துவிடாதீர்கள்: சின்ன செயலி ஒன்று, ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் சார்ந்திருக்கும் லிப்சி லைப்ரரியை இழுக்கும், அதன் பின்னால் பாதி சிஸ்டம் மாறும், இரண்டுங்கெட்டான் நிலைதான் மிஞ்சும்.

சிட், உடைந்ததைத் தானே சரிசெய்யத் தெரிந்தவருக்கு. ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்ற கருவி கட்டாயம், நிறுவும் முன்பே கடுமையான வழுக்களைக் காட்டிவிடும். முழு சிஸ்டத்தையும் புதுப்பிக்கும் ஃபுல்-அப்கிரேட் கட்டளையைக் கொடுத்ததும் நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். டெஸ்க்டாப்பின் பெயர் அதில் இருந்தால் ‘வேண்டாம்’ சொல்லிவிட்டுச் சில நாள் பொறுங்கள். புதிய கெர்னலுக்கு என்விடியா வரைகலை அட்டைக்கான மாட்யூல் கம்பைல் ஆகாமல் போவது அடிக்கடி நடப்பது. பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருந்தால் கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம்.

டெஸ்டிங்குக்கும் நல்ல காலம் உண்டு: வெளியீட்டுக்கு முந்தைய உறைநிலை மாதங்கள். பெரிய மாற்றங்கள் நின்று, வழு நீக்கம் மட்டும் நடக்கும். அப்போது மூலப்பட்டியலில் ‘டெஸ்டிங்’ என்று எழுதாமல் அடுத்த வெளியீட்டின் பெயரான ‘ஃபோர்க்கி’ என்பதையே எழுதுங்கள். வெளியீட்டு நாளில் அது அப்படியே ஸ்டேபிளாகிவிடும். ‘டெஸ்டிங்’ என்று விட்டிருந்தால், உறைநிலை நீங்கியதும் சிட்டிலிருந்து பாயும் பேக்கேஜ் வெள்ளம் நேரே உங்கள் கணினிக்கு வரும்.