ஹோல்டெமா, ஓமஹாவா: 304 ஆடிப் பழகியவர்களுக்கு ஏற்ற போக்கர் எது?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழ் வீட்டில் கடதாசிக்கட்டு வெளியே வந்தால் அது பெரும்பாலும் 304 ஆடுவதற்காகவே இருக்கும் என்பதால், போக்கரை எந்த வகையிலிருந்து கற்பது என்ற கேள்விக்கு அந்தப் பழக்கத்தைக் கருத்தில் கொண்டே விடை தேடவேண்டும். 304இல் 32 கடதாசிகள், ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 எனப் புள்ளிகள், எதிரே ஒரு கூட்டாளி, மறைத்து வைத்த துரும்பு. போக்கரில் 52 கடதாசிகளும் உண்டு. துரும்பும் கூட்டாளியும் இல்லை. ஏஸ், ராஜா, ராணி, ஜாக் என்ற வரிசைக்கு நம் கண் பழகுவதற்குச் சில மாலைகளாவது பிடிக்கும்.

டெக்சாஸ் ஹோல்டெம், ஓமஹா இரண்டுக்கும் சட்டகம் ஒன்றே. பங்கிடுபவருக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் கட்டாயப் பந்தயம் வைப்பர். கைக்கடதாசிகள் கொடுக்கப்பட்டதும் ஒரு சுற்றுப் பந்தயம் நடக்கும். பின்னர் மேசையில் மூன்று, ஒன்று, ஒன்று எனப் பொதுக் கடதாசிகள் ஐந்து திறக்கப்பட, ஒவ்வொரு திறப்புக்குப் பின்னும் மீண்டும் பந்தயம் நடக்கும். இறுதிவரை நிற்பவர்களில் சிறந்த ஐந்து கடதாசிச் சேர்க்கையைக் காட்டுபவர் நடுவில் சேர்ந்த தொகையை எடுப்பார்.

ஹோல்டெமில் கைக்கு இரண்டு கடதாசிகள், ஓமஹாவில் நான்கு என்பதே வேறுபாடு என்று பலரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உண்மையான வேறுபாடு அதைவிட ஆழமானது. ஹோல்டெமில் கையிலுள்ள இரண்டையும் மேசையிலுள்ள ஐந்தையும் சேர்த்து எந்த ஐந்தை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓமஹாவில் கையிலிருந்து சரியாக இரண்டையும் மேசையிலிருந்து சரியாக மூன்றையும் எடுத்தே ஆகவேண்டும். மேசையில் நான்கு ஆட்டின்கள் (இதயச் சின்னக் கடதாசிகள்) கிடக்க, உங்கள் கையில் ஆட்டின் ஏஸ் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோல்டெமில் அது ஏஸ் தலைமையிலான ஃபிளஷ், அதாவது ஐந்தும் ஒரே சின்னமான சேர்க்கை. ஓமஹாவில் ஃபிளஷ்ஷே அல்ல, ஏனெனில் கையிலிருந்து இரண்டாவது ஆட்டின் வரவேண்டும். அதேபோல ஓமஹாவில் கைக்கு மூன்று ஏஸ் வருவது அதிர்ஷ்டம் போலத் தோன்றினாலும், ஒரு ஏஸ் பயனற்றுப் போவதோடு மேசையில் நான்காவது ஏஸ் விழும் வாய்ப்பும் குறைந்துவிடுவதால், அது பலவீனமான கை. எங்கள் வீட்டு மேசையில் புளியங்கொட்டைகளைப் பந்தயமாக வைத்து ஆடியபோது, முதல் மாதத்தில் எழுந்த வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியைச் சுற்றியே எழுந்தன.

நான்கு கடதாசிகளிலிருந்து ஆறு விதமான இணைகளை எடுக்கலாம் என்பதால், ஓமஹாவில் வெல்லும் கையின் தரம் உயர்ந்துவிடுகிறது. ஹோல்டெமில் மேசையின் மிகப் பெரிய கடதாசியோடு இணைந்த ஒற்றைச் சோடியே பல தடவை போதுமானதாக இருக்க, ஓமஹாவில் அதை நம்பித் தொகையை ஏற்றுவது தவறு. ஹோல்டெமில் ஏஸ் சோடி, ராஜாச் சோடிக்கு எதிராக நூற்றில் ஏறத்தாழ 82 தடவை வெல்லும். ஓமஹாவிலோ ஏஸ் சோடியுள்ள ஒரு நல்ல கை, நெருங்கிய எண்களும் ஒரே சின்னங்களும் அமைந்த கைக்கு எதிராக அறுபதுக்கு நாற்பது என்ற அளவிலேயே முன்னிற்கிறது.

பந்தய எல்லையும் வேறு. ஹோல்டெம் பெரும்பாலும் எல்லையின்றி ஆடப்படுகிறது. ஓமஹாவில் நடுவிலுள்ள தொகையே எல்லை: நடுவில் 100 கொட்டைகள் இருக்க எதிராளி 50 வைத்தால், அந்த 50ஐ நீங்கள் ஈடுசெய்ததும் தொகை 200 ஆகிறது, அதற்கு மேல் 200 வரை ஏற்றலாம், ஆக மொத்தம் 250. ஒவ்வொரு முறையும் இதைக் கணக்கிட ஒருவர் விழிப்பாக இருக்கவேண்டும்.

துரும்பை நினைவில் வைத்து, விழுந்த கடதாசிகளை எண்ணும் 304 ஆட்டக்காரருக்கு ஓமஹாவின் கணக்கு பிடிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தொடங்குவதற்கு ஹோல்டெமையே பரிந்துரைக்கிறேன்: இரண்டே கடதாசிகள் என்பதால், தன் கையைப் படித்து முடித்துவிட்டு எதிராளியின் பந்தயத்தைப் படிக்க நேரம் கிடைக்கிறது, கூட்டாளியோடு ஆடிப் பழகியவருக்கு இல்லாத திறன் அதுவே. ஓமஹாவுக்கு மாறும் நாளில், பந்தயமே வைக்காமல் எல்லோரும் கைகளைத் திறந்து வைத்து, யாருடைய எந்த இரண்டும் மேசையின் எந்த மூன்றும் சேர்கின்றன என்று உரக்கச் சொல்லிப் பத்து ஆட்டங்களாவது ஆடுங்கள். ஒருவரும் தவறாமல் சொன்ன பிறகு கொட்டைகளைப் பங்கிடுங்கள்.