மல்லாவிக் கிறவலில் தினமும் ஓடும் ஹைலக்ஸுக்கு எந்த சஸ்பென்ஷன்?

டபுள் கெப் வைத்திருப்பவர்களிடம் சஸ்பென்ஷன் என்று பேச்செடுத்தாலே முதலில் கேட்பது "எத்தனை இஞ்சி உயர்த்தலாம்?" என்றுதான். வன்னியில் தினமும் ஓடுகிற வண்டிக்கு அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. உங்கள் வண்டியில் எந்த நாளும் எத்தனை கிலோ கிடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பாதி முடிவு தானாக வந்துவிடும்.

என்னுடையது ரொயோட்டா ஹைலக்ஸ் விகோ, 2.5 டீசல், நாலு சில்லும் இழுக்கிற டபுள் கெப். முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங், பின்னுக்குப் பிளேட், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டை ஸ்பிரிங். நீர்ப்பம்பி திருத்துவதும் குழாய்க்கிணறு வேலையும் என் தொழில், இருப்பது மல்லாவியில். மாங்குளம் சந்திக்கு வந்து ஏ9 இல் ஏறினால் கார்பெட் றோட்டு, அப்புறம் வவுனிக்குளம், வன்னேரிக்குளம், அக்கராயன் என்று உள்ளே திரும்பினால் கிறவல், குளக்கட்டு, வயலுக்குள் போகிற ட்ரக்டர் பாதை. மன்னார்ப் பக்கம் முருங்கன் களிமண்ணிலும் வேலை வரும், அந்த மண் மழையில் ரயரோடு அப்பிக்கொண்டு வரும், வெயிலில் வெடித்துக் கிடக்கும். முதுகு நோ உள்ள அம்மாவை வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் இதே வண்டியில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கினாலும் புதுசு வாங்குகிற விலையில் இல்லை. இருக்கிறதை ஒழுங்காக வைத்திருப்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி.

வண்டியை வாங்கியபோதே பின் ஸ்பிரிங் கட்டில் லொறிப் பிளேட் ஒன்று கூடுதலாக ஏற்றியிருந்தது, முன்பு வைத்திருந்தவர் நெல் ஏற்றியவர். எங்கள் பக்கம் இது வழமையான வைத்தியம். பின்பக்கம் தாழ்ந்தால் கராஜ் பாஸ் சொல்வது, "தம்பி, இன்னொரு பிளேட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் சரிவரும்." ஒரு தொன் நெல்லோடு போகும்போது சரிதான். பாரம் இல்லாமல் கிறவலில் போனால் பின் சில்லு நிலத்தைத் தொடுகிற நேரத்தைவிடத் துள்ளுகிற நேரம்தான் கூட. வளைவில் பின்பக்கம் ஒரு சாண் இரண்டு சாண் என்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். மாடும் எருமையும் படுத்துக் கிடக்கிற, இரவில் யானை குறுக்கே வருகிற றோட்டில் இது வசதிக் குறைவு மட்டும் இல்லை, உயிர் ஆபத்து.

அரிசி ஆலையில் நெல் லொறி நிறுக்கிற தராசில் வண்டியை வழமையான சாமான்களோடு ஏற்றினேன். முழு வண்டியாக ஒருமுறை, முன் சில்லு மட்டும், பின் சில்லு மட்டும் என்று தனித்தனியாக. கருவிப் பெட்டி, ஜெனரேட்டர், செயின் புளொக், குழாய்த் துண்டுகள் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 250 கிலோ பின்னுக்கு எப்போதும் இருக்கிறது. நல்ல கம்பனிகள் பின் பிளேட்டை இந்தக் கணக்கில்தான் தருகிறார்கள்: பாரமில்லாத வண்டிக்கு ஒன்று, 300 கிலோவைச் சுற்றி நிரந்தரப் பாரம் உள்ளதற்கு ஒன்று, 500 கிலோவுக்கு ஒன்று என்று. எப்போதாவது ஒருநாள் ஏற்றப்போகும் பாரத்துக்கு எடுத்தால் மற்ற நாளெல்லாம் முதுகு உடையும். நடுவில் உள்ளதை எடுத்தேன், ஓல்ட் மேன் எமு, ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்பனியுடையது. லொறிப் பிளேட்டைக் கழற்றிப் போட்டாயிற்று.

ஆனால் காசைக் கூடப் போட வேண்டிய இடம் ஷொக் அப்சோபர். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷொக்தான், அதை அடக்க அடக்க உள்ளே எண்ணெய் சூடாகும். கிறவல் றோட்டில் தகரம் போல நெளி நெளியாக விழுமே, அந்த நெளிவு முக்கால் மீற்றருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 54 கிலோமீற்றரில் போனால் செக்கனுக்கு 15 மீற்றர், அப்படியென்றால் செக்கனுக்கு 20 தடவை அந்த ஷொக் மேலும் கீழும் அடிவாங்குகிறது. மலிவான ஷொக்கில் சூடேறிய எண்ணெய்க்குள் காற்றுக் கலந்து நுரைக்கும், நுரைத்தால் பிடிப்பு இல்லை, புறப்பட்டபோது நன்றாக இருந்த வண்டி அரை மணித்தியாலத்தில் மிதக்கத் தொடங்கும். நான் முதலில் வாங்கிய ஒரு சோடி, பெயர் வேண்டாம், அடுத்த மாரி வருவதற்குள் எண்ணெய் கசிந்துவிட்டது.

ஒற்றைக் குழாய் ஷொக்கா இரட்டைக் குழாயா என்பதில் நிறைய யோசித்தேன். ஒற்றைக் குழாயில் எண்ணெய் நேரே வெளிச்சுவரில் படுவதால் சூடு சுறுக்காக வெளியேறும், வாயு தனி அறையில் பிரிந்து இருக்கும், பில்ஸ்டீன் கம்பனியின் ஷொக் அந்த ரகம். வேகமாக நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் அந்த வெளிச்சுவரில்தான் பிஸ்டன் ஓடுகிறது, ஒரு கல் பட்டு ஆழமாக நெளிந்தால் பிஸ்டன் இறுகிவிடும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் நெளிந்தாலும் உள்குழாய் தப்பும். நான் போகிற பாதையில் கல்லும் அடிக்கட்டையும் அதிகம், வேகம் குறைவு, ஆகவே வாயு நிரப்பிய இரட்டைக் குழாயே எடுத்தேன். குனிந்து பார்த்தால் பின் ஷொக்கின் கீழ்ப்பக்கம் முழுக்க அடி விழுந்த தடம், இன்னும் வேலை செய்கிறது.

கிறவலில் ஓடி நிறுத்தியதும் நாலு ஷொக்கையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், சுடும், கவனம். மூன்று சூடாகி ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்த ஒன்று வேலை செய்யவில்லை.

உயரம். முன்னுக்கு ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் கூடியிருக்கிறது, அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை. முன் சில்லு தனித்தனியாக ஆடுகிற வண்டியில் உயர்த்த உயர்த்த சீவி ஜொயின்ற் (சில்லுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் மூட்டு) சரிந்த கோணத்தில் சுழல வேண்டும், அதன் றப்பர் உறையான பூட் சீக்கிரம் கிழியும், பூட் கிழிந்த பிறகு சேற்றுக்குள் இறங்கினால் ஜொயின்ற் போய்விடும். ஸ்ட்ரட்டுக்கு (முன் ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த கட்டு) மேலே வட்டக்கட்டை வைத்து உயர்த்துவது மலிவு, பல இடங்களில் செய்து தருவார்கள். அது ஸ்ட்ரட்டையே கீழே தள்ளுவதால் சில்லு முழுதாகத் தொங்கும்போது ஜொயின்றும் போல் ஜொயின்றும் கம்பனி நினைத்ததைத் தாண்டிப் போகும். வேண்டாம். உயர்த்திய பிறகு எலைன்மென்ற் கட்டாயம், ஹெட்லைற்றையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏ9 இல் எதிரே வருபவருக்குக் கண் தெரியாது.

கராஜ்களில் பெரும்பாலும் சொல்லாத ஒன்று பிறேக். ஹைலக்ஸின் பின் அச்சுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் (சேசிஸ்) நடுவில் ஒரு சின்னக் கம்பி இருக்கும், அது ஒரு வால்வை இயக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிறேக்குக்கு அழுத்தம் கூடும், வெறும் வண்டியாக உயர்ந்தால் குறையும். நீங்கள் ஸ்பிரிங் மாற்றிப் பின்பக்கத்தை உயர்த்தினால் அந்த வால்வு வண்டியில் ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொள்ளும். பாரத்தோடு இருக்கும்போதும் பின் பிறேக் குறைவாகத்தான் பிடிக்கும். கம்பியைச் சரிப்படுத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், தெரியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

ரயர்க் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, செலவில்லாத சஸ்பென்ஷன் அது. தார் றோட்டில் 32 பிஎஸ்ஐ வைத்தால் கிறவலில் நீண்ட நேரம் ஓடும்போது 25, 26க்கு இறக்குகிறேன், கொக்கிளாய், நாயாறு பக்கம் கடற்கரை மணலில் 18 வரைக்கும், அதுவும் மெதுவாக. ஷொக் மாற்ற காசில்லாதவர்கள் இன்றைக்கே இதைச் செய்து பார்க்கலாம். திரும்பத் தாருக்கு ஏறும்போது அடிக்க ஒரு சின்ன கொம்பிரசர் வேண்டும்.

பராமரிப்பில், பிளேட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ற்றுகளைப் பழசையே திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை இறுக்கினால் அவை நீண்டுவிடும். புதுசு போட்ட பிறகும் முதல் 500, 1000 கிலோமீற்றருக்குள் ஒருமுறை இறுக்க வேண்டும். பிளேட்டின் மூட்டுகளில் இருக்கும் புஷ் விசயத்தில் றப்பரைவிடப் பொலியூரித்தேன் நல்லது என்பார்கள். எங்கள் புழுதியில் கிறீஸ் காய்ந்தவுடன் கிறீச் கிறீச் என்று கத்தும், அதனால் நான் றப்பரிலேயே இருக்கிறேன். பிளேட்டுக்குப் பழைய எண்ணெய் பூசுகிற வழக்கம் இருக்கிறது, புழுதி அதில் ஒட்டி அரைக்கும், கழுவி விடுவதே போதும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளம் வடிந்த பிறகு தண்ணீருக்குள் ஓடிய எல்லாரும் டிஃபரென்ஷல் எண்ணெயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும்.

குறையும் உண்டு. சாமானை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஓடினால் பின்னுக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கம்தான், பின் சீற்றில் இருப்பவர்களுக்குத் தெரியும். அம்மா முன்னுக்கு இருந்தால் மாங்குளம் வரைக்கும் நித்திரை கொள்கிறா, பின்னுக்கு விட்டால் கோவிப்பா. பாகம் ஏதும் வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நெல்லோ ஐஸ் பெட்டியோ தினமும் ஏற்றுகிறவர்களுக்கு என் அமைப்பு பொருந்தாது, 500 கிலோப் பிளேட்டுக்கே போங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் பிளேட்டுக்கு மேலே காற்றுப்பை வைக்க யோசிப்பார்கள். டபுள் கெப்பில் அதைக் கவனமாகச் செய்யுங்கள். பிளேட்டின் இரண்டு முனைகளிலும் பிரிந்து இறங்க வேண்டிய பாரத்தில் பெரும்பகுதி அந்தப் பை இருக்கிற ஒரே இடத்தில் சட்டத்தில் விழும், பெட்டி பின் அச்சுக்கு அப்பால் நீண்டு தொங்கும் வண்டியில் அதே இடத்தில் சட்டம் வளைந்த கதைகள் உண்டு. கூடின பாரத்துக்குக் கூடின பிளேட், அதோடு வண்டிக் கம்பனி சொன்ன மொத்த எடைக்குள் நிற்பது, அதைத்தான் என்னால் சொல்ல முடியும்.