அக்கிக்கு எது: அசைக்ளோவிரா, வாலாசைக்ளோவிரா?

இரண்டும் வைரஸை அடக்கும் மாத்திரைகள்; உடம்புக்குள் போய்ச் சேர்ந்தபின் ஒரே மருந்துதான். வித்தியாசம் போய்ச் சேருவதில். அசைக்ளோவிர் மாத்திரையை விழுங்கினால் 15 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். மிச்சம் வீண். அசைக்ளோவிரோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டவைத்ததே வாலாசைக்ளோவிர். சிறுகுடல் சுவரில் புரதத் துணுக்குகளை உள்ளிழுக்கும் கடத்திகள் வாலினிடம் ஏமாந்து, மருந்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். குடலிலும் கல்லீரலிலும் வாலின் கழன்றுவிடும். சேர்வது ஏறத்தாழ 55 சதவீதம்.

அக்கிக்கு வழக்கமாக அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, ஒரு வாரம். மற்றது 1,000 மில்லிகிராம், 3 வேளை. வேலைக்குப் போகிறவர் 5 வேளையும் தவறாமல் விழுங்குவாரா? எனக்கு நம்பிக்கையில்லை. எதுவானாலும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்.