படத்தைத் தேடுவதா, ஊருக்குப் போன் போடுவதா?

'அதிர்ச்சி வீடியோ' ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால், சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தெளிவான காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் (படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடும் வசதி) தேடுவது. இரண்டு நிமிட வேலை. 2018-இல் 'பிள்ளை பிடிக்கிறார்கள்' என்று நாடெங்கும் பரவிய வீடியோ, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்தது. குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டார்கள். அந்த மே மாதம், பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் போளூர் அருகே ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்திருந்தார். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. வேற்றூர்ப் படத்தைக் கண்டுபிடிக்க இந்தத் தேடலே போதும்.

ஆனால் காட்சி உண்மையாகவும் கதை மட்டும் பொய்யாகவும் இருந்தால்? 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழர்கள் தாக்குவதாக வீடியோக்கள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். இங்கே படத்தேடல் கைவிரித்துவிடும். இரண்டாவது வழிதான் உதவும்: அந்த ஊர்க்காரரிடம் போனில் கேட்க வேண்டும், மாவட்டக் காவல்துறை அறிவிப்பைப் பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும். ஊரில் இருப்பவரும் அதே ஃபார்வர்டை நம்பிப் பேசலாம். அதனால் "நீங்க நேர்ல பார்த்தீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

அவசரத்துக்கு லென்ஸ் போதும். ஒரு கூட்டத்தாரையே குற்றவாளி ஆக்கும் செய்தி என்றால் நான் போனைத்தான் எடுப்பேன், பதில் வர ஒரு நாள் ஆனாலும்.