கோடின் கிங்பின்: ஓர் ஆர்ச்டொப் கிற்றாரோடு 11 வருடம்

வேலை முடிந்து வீட்டுக்கு வர இரவு பதினொன்றாகிவிடும். மனைவியும் மகளும் படுத்திருப்பார்கள். சாப்பிட்டுவிட்டு, குசினிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் வாசிப்பேன். சத்தத்தைக் கூட்டும் அம்ப் இல்லை, ஹெட்போன் இல்லை. கோடின் நிறுவனத்தின் ஃபிஃப்த் அவென்யூ கிங்பின் என்ற ஆர்ச்டொப் கிற்றார் மட்டும்தான். 2014 இலையுதிர் காலத்தில் இங்கே ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒருவரிடம் பழையதாக 600 டொலருக்கு வாங்கினேன். அதற்குப் பிறகு வேறு இரண்டு கிற்றார்கள் இந்த வீட்டுக்கு வந்து போய்விட்டன. இது நிற்கிறது. ஆர்ச்டொப் வாங்கலாமா, இனிமேல் இதற்கு மதிப்பிருக்குமா என்று அண்மையில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களிடம் அவசரத்தில் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

ஆர்ச்டொப்பைத் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். சாதாரண அக்கூஸ்டிக் கிற்றாரின் மேற்பலகை தட்டையாக இருக்கும், நடுவில் வட்டமாக ஒரு துளை. ஆர்ச்டொப்பின் மேற்பலகை வயலின் போல நடுவில் புடைத்து ஓரங்களை நோக்கிச் சரியும். வட்டத் துளைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் எஃப் எழுத்து வடிவத்தில் வெட்டு. கம்பிகளைத் தாங்கும் மரத் துண்டான பிரிட்ஜில் அவை கட்டப்படுவதில்லை. அதற்கு மேலாகப் போய், அடியில் இருக்கும் உலோகத் துண்டு ஒன்றில் மாட்டிக்கொள்ளும். இதனால் கம்பியைத் தட்டியவுடன் சத்தம் பட்டென்று எழும்பி, இழுபடாமல் கெதியாக அடங்கிவிடும். ஜாஸில் பல இடங்களில் இரண்டு தாள அடிக்கு ஒரு கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) மாறும், சில இடங்களில் அடிக்கு ஒன்று. ஒவ்வொரு கோர்ட்டிலும் சுரங்கள் நெருக்கமாக இருக்கும். முந்தினது அடங்க முதல் பிந்தினது வந்தால் எல்லாம் குழம்பிப்போகும். ஆர்ச்டொப்பில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும்.

வயலினைப் போலக் கிற்றாரின் பலகையையும் செதுக்கி எடுக்கலாம் என்று செய்துகாட்டியவர் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ ஊரில் இருந்த ஓர்வில் கிப்சன். அவர் பெயரில் தொடங்கிய கம்பனி 1922ல் எல்-5 கிற்றாரைக் கொண்டுவந்தது. ட்ரம்பெட்டும் ட்ரொம்போனும் சக்ஸபோனும் வரிசையாக நின்று ஊதும் இடத்தில் ஒரு கிற்றார் கேட்க வேண்டுமென்றால் அதன் உடம்பு பெருக்க வேண்டும். 16 அங்குலமாக இருந்த அகலம் 1934ல் சூப்பர் 400 வந்தபோது 18 அங்குலமாகிவிட்டது. விலை 400 டொலர், பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கவுண்ட் பேசியின் பெரிய ஜாஸ் குழுவில் 1937ல் சேர்ந்த ஃபிரெடி கிரீன் 1987ல் இறக்கும் வரை ஏறக்குறைய 50 வருடம் அம்ப் இல்லாத ஆர்ச்டொப்பில்தான் தாளம் பிடித்தார். மடியில் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் மின் கிற்றார்களில் கிப்சனின் முதலாவதான ஈ.எஸ்-150 வந்தது 1936ல். அதை எடுத்துக்கொண்டு சார்லி கிறிஸ்டியன் கிற்றாரைச் சக்ஸபோனுக்குச் சமமாக முன்வரிசையில் உட்கார வைத்தார். 1942ல் இறக்கும்போது அவருக்கு வயது 25.

என் கிங்பின்னுக்குப் பாட்டன் என்றால் 1949ல் வந்த ஈ.எஸ்-175தான். செதுக்கிய திடமரத்தை விட்டுவிட்டு, மெல்லிய மேப்பிள் தகடுகளை ஒட்டி அழுத்தி வளைத்துச் செய்த கிற்றார் அது. மலிவாகவும் இருந்தது, அம்பில் போட்டால் கொஞ்சம் அடங்கியும் நடந்தது. ஜோ பாஸ், ஜிம் ஹோல், பட் மெத்தீனி என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லோரும் இந்த ‘மலிவு’ கிற்றாரில்தான் வாசித்தார்கள். ஒட்டுப்பலகை என்று முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

கோடின் கியூபெக் கம்பனி. ரொபேர் கோடின் 1972ல் லா பத்ரீ என்ற சின்னக் கிராமத்தில் தொடங்கியது. ஃபிஃப்த் அவென்யூ வரிசை 2008ல் வந்தது. மேப்பிளுக்குப் பதிலாகக் கனடியக் காட்டுச் செர்ரி மரத் தகடுகளை ஒட்டி வளைத்திருக்கிறார்கள். கழுத்து சில்வர் லீஃப் மேப்பிள். கழுத்து முடியும் இடத்தில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி அம்புக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றே ஒன்று, பி-90 என்ற வகை, சத்தத்துக்கு ஒரு திருகி, தொனிக்கு ஒரு திருகி. அவ்வளவுதான். ஈ.எஸ்-175இலும் 1957க்கு முதல் இருந்தது பி-90தான். அதனால் கிங்பின்னை அம்பில் போட்டுத் தொனியைப் பாதிக்குக் குறைத்தால் ஐம்பதுகளின் தொடக்கத்தில் பதிவான ஜாஸ் கிற்றாரின் அந்தக் கொஞ்சம் கரகரத்த, உருண்ட குரல் வந்துவிடுகிறது. கம்பியின் நீளம் 24.84 அங்குலம், கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் நட்டில் அகலம் 1.72 அங்குலம். சாதாரண மின் கிற்றாரை விட ஒரு மயிரிழை அகலம். கோர்ட் பிடிக்கும்போது விரல் பக்கத்துக் கம்பியில் முட்டுவதில்லை. கை போவதற்காகக் கழுத்தடியில் உடம்பை வெட்டிவிடாத முழு உடம்பு என்பதால் பதினாலாவது ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேல் கை போவது கஷ்டம். நான் அங்கே அதிகம் போகிறவன் இல்லை. நீங்கள் போகிறவர் என்றால் வெட்டு வைத்த மொடலாகப் பாருங்கள்.

வாங்கிய முதல் மாதம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கம்பி மாற்றுவதற்காக ஆறையும் ஒன்றாகக் கழற்றினேன். டொக் என்று ஒரு சத்தம். பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது. உடைத்துவிட்டேன் என்று நெஞ்சு திடுக்கிட்டது. ஆர்ச்டொப்பில் பிரிட்ஜை ஒட்டுவதில்லை, கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கண்மட்டத்துக்கு ஓர் இடத்தில் வைத்துப் புதுக்கம்பி பூட்டினேன். கீழே வாசிக்கும்போது சுருதி சரி. ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே போனால் கோர்ட் எல்லாம் புளித்தது. இரண்டு கிழமை கிற்றாரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருவர் காட்டித் தந்தார். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டுத் தட்ட வேண்டும். அப்புறம் அதே இடத்தில் அழுத்திப் பிடித்துத் தட்ட வேண்டும். அழுத்தினால் வரும் சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜைக் கழுத்தை விட்டுப் பின்னுக்கு, குறைவாக இருந்தால் கழுத்தை நோக்கி முன்னுக்கு. நான் தள்ளியது ஓர் அரிசி அளவு இருக்காது. கழுத்து முழுக்கச் சுருதி சேர்ந்துவிட்டது. அன்றைக்கே பிரிட்ஜின் இரண்டு காலடியிலும் மெல்லிய டேப் ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். இப்போது கம்பிகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்றுகிறேன்.

கம்பி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரணச் சுற்றுக்கம்பியில் இந்தக் கிற்றார் பாதிக் கிற்றார்தான். ஃபிளாட்வூண்ட் என்று, சுற்றியிருக்கும் கம்பி நாடா போலத் தட்டையாக இருக்கும் வகை வேண்டும். விரல் நகரும்போது கீச்சென்ற சத்தம் வராது. மூன்றாவது கம்பியும் சுற்றியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் கோர்ட்டின் நடுப்பகுதி உறுதியாக நிற்கும். நான் டடாரியோ குரோம்ஸ் 12 போடுகிறேன். வியன்னாவில் செய்யும் தொமாஸ்டிக் ஜாஸ் ஸ்விங் இன்னும் மிருதுவானது, விலையும் கூட. இரண்டுமே எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் தாங்கியிருக்கின்றன.

மேடைக்கு இது சரிவருமா என்றால், எந்த மேடை என்று கேட்பேன். 2016ல் ஒரு கலியாண வீட்டில் மெல்லிசைக் குழுவோடு வாசிக்கக் கூப்பிட்டார்கள். பெரிய மண்டபம், டிரம்ஸ், இரண்டு கீபோர்ட், காலடியில் ஸ்பீக்கர். இரண்டாவது பாட்டுக்கே என் கிற்றார் ஊளையிடத் தொடங்கிவிட்டது. ஸ்பீக்கரில் இருந்து வரும் சத்தம் உள்ளே வெறுமையான உடம்பை அதிர வைக்கும். அந்த அதிர்வு பிக்கப் வழியாகத் திரும்ப ஸ்பீக்கருக்குப் போகும். அது ஒரு சுழல். “அண்ணை, உங்கடை கிற்றார்தான் கத்துது, குறையுங்கோ!” என்று சவுண்ட் பார்த்த தம்பி ஓடிவந்தான். கைலேஞ்சியைச் சுருட்டி எஃப் துளைகளில் அடைத்துக்கொண்டு ஒரு மாதிரி முடித்தேன். வெறும் உடம்புள்ள எந்தக் கிற்றாருக்கும் இருக்கிற குணம் இது. கோப்பிக் கடை மூலையில், டபிள் பாஸோடும் பிரஷ்ஷால் தடவுகிற டிரம்மரோடும் வாசிக்கும்போது இதே கிற்றார் ராஜா. சத்தமான மேடைக்கு, உள்ளே வெறுமை இல்லாமல் முழுப் பலகையாக இருக்கும் திடமரக் கிற்றார் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு போகிறேன்.

இந்த ஊர்க் குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தை மாதம் ஹீற்றர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்து ஈரப்பதம் 25 வீதத்துக்குக் கீழே போகும். செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேற்பலகை உள்ள கிற்றாரை அப்படி விட்டால் வெடிக்கக்கூடும். அதற்கு அறையை 45 வீதத்தில் வைத்துக் குழந்தை மாதிரிப் பார்க்க வேண்டும். ஒட்டுத் தகட்டுச் செர்ரி அப்படி இல்லை. 11 பனிக்காலம் தாண்டிவிட்டது, ஒரு கீறல் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை கழுத்தின் வளைவைத் திருத்துகிறேன், அவ்வளவுதான்.

சரி, இனி எதிர்காலம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் ஒருவரிடம் ஐம்பதுகளில் செய்த ஈ.எஸ்-175 ஒன்று இருக்கிறது. போன வருடம் பார்க்கக் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்ததும் பழைய வெல்வெட்டும் அரக்கும் கலந்த ஒரு மணம். பிக்கப்புக்குப் பக்கத்தில், அவருடைய சுண்டுவிரல் ஊன்றி ஊன்றி, வார்னிஷ் போய் வெறும் மரம் தெரிந்தது. நாற்பது வருடத்துத் தேய்மானம். பிள்ளைகள் இருவருக்கும் இது வேண்டாமாம். கடைக்காரர்கள் சொல்லும் விலையும் அவர் பத்து வருடத்துக்கு முன் கேட்ட விலைக்குக் கிட்ட இல்லையாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஜாஸ் கிற்றார் மேதை வெஸ் மொன்ட்கொமெரியை நேரில் கேட்ட தலைமுறை இப்போது வீட்டைச் சுருக்கிக்கொண்டு சின்ன அபார்ட்மென்ட்டுகளுக்குப் போகிறது. கிற்றார்கள் சந்தைக்கு வருகின்றன. அதே வேகத்தில் வாங்குவதற்கு ஆட்கள் இல்லை.

ஜாஸுக்கு ஆர்ச்டொப் கட்டாயம் என்ற நிலை போய் வெகுகாலம். ரொறொன்ரோக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் ஊரின் பெருமையான ஜாஸ் கிற்றார்க்காரர் எட் பிக்கர்ட், 2019ல் காலமானவர், வாழ்நாளில் பெரும்பகுதி வாசித்தது டெலிகாஸ்டர் என்ற திடமரக் கிற்றாரில். ஒரு பலகைத் துண்டு போன்ற அந்தக் கிற்றாரில் அவர் எடுத்த கோர்ட்டுகளின் கனிவு பல ஆர்ச்டொப்புகளில் வராது. இன்றைய தலைமுறை ஜூலியன் லாஜும் டெலிகாஸ்டரில் நிறைய வாசித்தவர். ஆனால் இத்தாலியில் இருந்து நியூயோர்க் வந்த பஸ்குவாலே கிராஸோ இளைஞர்தான். அவர் ஆர்ச்டொப்பை மடியில் வைத்துத் தனியாக உட்கார்ந்து பியானோ போல வாசிப்பதைப் பார்த்து இங்கே கொலிஜ் பிள்ளைகள் இரண்டு பேர் ஆர்ச்டொப் தேடுகிறார்கள். அவர்கள் தேடுவது ஆயிரம் டொலருக்குள்.

என் எண்ணம் இதுதான். விலையில் உச்சியில் உள்ள செதுக்கு வேலைக் கிற்றார்கள் கலைப்பொருளாக வாழும். ஜோன் டி’அஞ்சலிகோ நியூயோர்க்கில் 1932 முதல் 1964ல் இறக்கும் வரை கையால் செய்தவை ஆயிரத்துச் சொச்சம். 2011ல் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகமே அவற்றைக் காட்சிக்கு வைத்தது. நடுவில் உள்ள தொழிற்சாலைக் கிற்றார்களை முதலீடு என்று வாங்கியவர்களுக்குத்தான் ஏமாற்றம் வரும். 2017ல், பல கிற்றார்களின் விரல்பலகைக்குப் போடும் ரோஸ்வுட் இனம் முழுவதையும், நீலகிரிப் பக்கம் ஈட்டி என்கிறார்களே அந்த மரத்தையும் சேர்த்து, சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது, எல்லை தாண்டி விற்கப் பத்திரம் தேவைப்பட்டது. அமெரிக்காவுக்கு விற்க இருந்தவர்கள் தவித்தார்கள். 2019 கடைசியில் முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கிற்றாரைப் பணமாகப் பார்த்தால் இப்படி ஒரு சட்டம் போதும், எல்லாம் தலைகீழாகும். கிங்பின், ஐபனேஸ் ஆர்ட்கோர், ஈஸ்ட்மனின் ஒட்டுத்தகட்டு மொடல்கள் போன்றவற்றை வாங்கினால் விலை விழும் என்ற பயம் பெரிதாக இல்லை. நான் கொடுத்தது 600. நாளைக்கு 400க்குப் போனாலும் 11 வருட இரவுகளுக்கு 200 டொலர்.

அந்த இரவுகளைத்தான் நான் இதன் உண்மையான மதிப்பு என்று நினைக்கிறேன். வெஸ் மொன்ட்கொமெரி பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் பழகியவர். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு என்று கம்பியைத் தட்டும் பிக்கை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் வாசிக்கத் தொடங்கினார். உலகம் அறிந்த அந்தச் சத்தம் அப்படி வந்தது. நானும் இரவில் கட்டைவிரலால்தான் வாசிக்கிறேன். திடமரக் கிற்றார் அம்ப் இல்லாமல் கொசு மாதிரி முனகும். தட்டை அக்கூஸ்டிக் வீட்டை எழுப்பிவிடும். இது என் காது வரைக்கும் நிறைந்து வந்து கதவடியில் நின்றுவிடுகிறது. ஒருநாள் தண்ணி குடிக்க எழும்பி வந்த மகள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “அப்பா, ஆரோ உங்களோடை மெல்லமாக் கதைக்கிற மாதிரி இருக்கு” என்றாள். இப்போது சனிக்கிழமைகளில் அவள் கையில்தான் அது இருக்கிறது.

பழையது பார்க்கப் போகிறவர்கள் பன்னிரண்டாவது ஃபிரெட் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பிரிட்ஜை இறக்க இன்னும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடியோடு இறங்கியும் கம்பி உயரமாக நின்றால் கழுத்தின் சாய்வு போய்விட்டது, வேண்டாம். அம்பில் போட்டு பி-90 இரைகிறதா என்று பார்க்கும்போது டிம்மர் லைட்டுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், அங்கே எந்த பி-90ம் இரையும். பெட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். சாதாரண அக்கூஸ்டிக் பெட்டி இந்த உடம்புக்குப் பொருந்தாது. தனியாக வாங்கப் போனால் இன்னொரு 150 டொலர்.