டொமைன் யார் பெயரில் இருக்கிறது? வலைத்தளம் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நானே யோசித்துப் பெயர் வைத்து, நானே பணம் கொடுத்து வாங்கிய டொமைன், அதாவது என் வலைத்தளத்தின் முகவரி, என் பெயரில் இல்லை என்பது 11 மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அந்த முகவரி விசிட்டிங் கார்டில், மாணவர்களின் சான்றிதழில், நான் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியில் என்று எல்லா இடத்திலும் ஏறிவிட்டது. நோ-கோட் பில்டரில் (கோடு எழுதாமலே தளம் கட்ட உதவும் சேவை) வலைத்தளம் செய்துதர ஃப்ரீலான்சர் யாரையாவது தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். எங்கெங்கே சறுக்கினேன் என்று முழுசாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

நான் ஆன்லைனில் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். எனக்குத் தேவைப்பட்டது சின்னத் தளம்தான். வகுப்பு விவரம், மாணவர்களின் ஓவியங்கள், என்னைப் பற்றி ஒரு பக்கம், சேர விரும்புகிறவர்கள் நிரப்ப ஒரு படிவம். ஃப்ரீலான்சர்கள் வேலை எடுக்கும் ஒரு தளத்தில் விளம்பரம் போட்டு, வந்தவர்களில் மூன்று பேரிடம் பேசினேன்.

முதலாமவர் ஒரு பெண். விலையே சொல்லாமல் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். பக்கங்களுக்கான எழுத்தை யார் தருவீர்கள்? புது வகுப்பு வந்தால் அதை நீங்களே சேர்ப்பீர்களா, நான் சேர்க்க வேண்டுமா? மாதம் எத்தனை ஓவியம் கூடும்? படிவத்தை நிரப்பினால் எந்த மின்னஞ்சலுக்கு வர வேண்டும்? பதில் எழுதி முடிக்கவே ஒரு சாயங்காலம் ஆனது. இரண்டாமவர் மணிக்கணக்கில் வாங்குகிறவர். மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்று உறுதி தர முடியாது என்றார். மூன்றாமவர் பத்தே நிமிடத்தில் விலை அனுப்பினார். அந்தப் பெண் பிறகு சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு. 7 நாளில் முடித்துவிடுவார். "டிசைன், ஹோஸ்டிங், டொமைன், எஸ்இஓ எல்லாம் சேர்த்துத்தான் மேடம்" என்றார். (ஹோஸ்டிங் என்றால் தளத்தை இணையத்தில் ஏற்றி வைப்பது, எஸ்இஓ என்றால் தேடலில் தளம் மேலே வரும்படி செய்வது.) கேள்வி கேட்காதவர்தான் வேலை தெரிந்தவர் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அவருக்கே கொடுத்தேன்.

அன்றைக்கே இரண்டு காரியத்துக்கு நான் தலையாட்டினேன். பின்னால் வந்தது எல்லாம் இந்த இரண்டிலிருந்து வந்ததுதான்.

ஒன்று, பணத்தை நான் விளம்பரம் போட்ட அந்தத் தளத்தின் வழியாக அனுப்பாமல் நேராக அவருக்கே அனுப்பினேன். "கமிஷன் மிச்சமாகும், அதை உங்களுக்கே குறைச்சுத் தரேன்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கமிஷனுக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. உதாரணமாக அப்வொர்க் என்ற ஃப்ரீலான்சர் தளத்தில் மொத்த விலை பேசி வேலை கொடுத்தால், பணம் முதலில் இடையில் பிடித்துவைக்கப்படுகிறது. ஃப்ரீலான்சர் வேலையை ஒப்படைத்தபின் பார்த்துச் சொல்ல உங்களுக்கு 14 நாள் உண்டு. ஃபைவர் என்ற இன்னொரு தளத்தில் ஒப்படைத்து 3 நாளில் ஆர்டர் தானாக முடிந்துவிடும், ஆகவே அங்கே அதற்குள் பார்த்தாக வேண்டும். அந்த நாள் கணக்கைத் தாண்டினால் பணம் ஃப்ரீலான்சருக்குப் போய்விடும், ஆனாலும் அந்த நாட்கள் உங்கள் கையில் இருக்கும். அப்வொர்க்கில் சந்தித்தவரிடம் 2 வருடத்துக்குள் வெளியே பணம் கொடுத்து வேலை வாங்குவது அங்கே விதிமீறலும்கூட. நேராக அனுப்பிய எனக்கு முறையிட ஓர் இடம்கூட இல்லாமல் போனது.

இரண்டாவது, கணக்குகள். பில்டர் கணக்கு, டொமைன் கணக்கு இரண்டையும் அவரே தொடங்கினார். "உங்களுக்கு எதுக்கு மேடம் அந்தத் தலைவலி, நானே பார்த்துக்கறேன்." இந்த வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து அந்த இடத்திலேயே நில்லுங்கள். அந்தத் தலைவலி உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்கள் கணக்கைத் தொடங்கி, வேலை செய்கிறவரை உள்ளே அழைத்துக்கொள்ளலாம். பெரிய பில்டர்கள் எல்லாவற்றிலும் அப்படி ஆளைச் சேர்க்க வசதி இருக்கிறது. வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். கால் மணி நேரம்கூட ஆகாது.

சரி, தளம் வந்தது. சொன்னபடி ஏழாம் நாளே வந்தது, பார்க்க அழகாகவே இருந்தது. பாக்கிப் பணத்தை அன்றே அனுப்பிவிட்டேன். அது தனியாக வடிவமைத்தது அல்ல, ஒரு ரெடிமேட் டெம்ப்ளேட்டில் என் படங்களை மாற்றி வைத்தது என்பது சில வாரம் கழித்து ஒரு மாணவி அதே அமைப்பில் இருந்த வேறொரு தளத்தைக் காட்டியபோது தெரிந்தது. டெம்ப்ளேட்டில் செய்வது தப்பே இல்லை. சின்னத் தளத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம், செலவும் குறையும். டெம்ப்ளேட்டை "கஸ்டம் டிசைன்" என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

இதைக்கூட விட்டுவிடலாம். படிவத்தில் நடந்ததை என்னால் விட முடியவில்லை.

தளம் தொடங்கி நாலு மாதம் இருக்கும். ஓர் அம்மா எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். "ரெண்டு தடவை எழுதினேன், பதிலே வரலை. வகுப்பை நிறுத்திட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனில் என் தளத்தைத் திறந்து, என் பெயரையே போட்டுப் படிவத்தை நிரப்பினேன். "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று பச்சை நிறத்தில் வந்தது. மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்பேமிலும் தேடினேன். எதுவும் வரவில்லை. ஃப்ரீலான்சரிடம் கேட்டதற்கு இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை, வரிசையாக 23 மின்னஞ்சல்களை எனக்கு ஃபார்வர்ட் செய்திருந்தார். படிவத்தின் அறிவிப்பு கணக்கு வைத்திருப்பவரின் மின்னஞ்சலுக்குப் போகும்படி இருந்திருக்கிறது. கணக்கு அவருடையது. என் மாணவர்களாக வந்திருக்க வேண்டியவர்கள் நாலு மாதமாக அவருடைய இன்பாக்ஸில் கிடந்தார்கள். ஒருவர் தன் அம்மாவின் பிறந்தநாளுக்குள் அவரை வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று தேதியோடு எழுதியிருந்தார். அந்தத் தேதி முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. 23 பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நாலு பேர் பதில் போட்டார்கள்.

திருடினார் என்று இதைச் சொல்லமாட்டேன். அக்கறை இல்லை, அவ்வளவுதான். ஆனால் திருட்டோ அலட்சியமோ, நட்டம் எனக்கு ஒன்றுதான். "எஸ்இஓ சேர்த்து" என்றாரே, அதன் லட்சணமும் அப்போது தெரிந்தது: தேடுபொறிகள் தளத்தைச் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கும் அமைப்பே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் அதை அணைத்து வைப்பது உண்டு. திறக்கும் நாளில் மறக்காமல் போட வேண்டும்.

டொமைன் லாகினை நான் கேட்காமல் இல்லை. முதல் மாதமே கேட்டேன். "பதிவு பண்ணி 60 நாள் வரைக்கும் மாத்த முடியாது மேடம், அது ரூல்" என்றார். அது உண்மையான விதிதான். புதிதாகப் பதிவு செய்த டொமைனை முதல் 60 நாளில் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைனைப் பதிவு செய்துதரும் நிறுவனம்) பெரும்பாலும் மாற்ற முடியாது. ஆனால் அதே ரெஜிஸ்ட்ராரில் நான் ஒரு கணக்கு தொடங்கினால் அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு நகர்த்த பெரும்பாலும் வழி உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. 60 நாள் முடிந்தபோது நானும் மறந்துவிட்டேன். கணக்கு அவருடையதாக இருந்தாலும் பதிவு என் பெயரில்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் மாதம் "ரினியூவல் வந்திருக்கு" என்று ஒரு தொகை அனுப்பினார். பில்டரின் விலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டொமைனையும் சேர்த்துக் கூட்டினாலும் அவர் கேட்டது அதைப்போல் மூன்று மடங்கு. ஃப்ரீலான்சர் தன் உழைப்புக்காகச் சந்தாவின் மேல் ஒரு தொகை வைத்து வாங்குவது தவறில்லை; பராமரிப்பு என்று சொல்லி வாங்கினால் நானே கொடுப்பேன். இவர் மொத்தத்தையும் கம்பெனி கேட்கும் கட்டணம் என்றார். ரசீது கேட்டேன், தரவில்லை. அப்படியானால் தளத்தையும் டொமைனையும் என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்றேன். "டிரான்ஸ்ஃபர் சார்ஜ்" என்று, முழுத் தளம் செய்ய வாங்கிய அதே தொகையை மறுபடி கேட்டார்.

அப்போதுதான் ரெஜிஸ்ட்ராருக்கு எழுதினேன். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் லுக்கப் (தேடல்) பக்கத்தில் டொமைனைப் போட்டால் ரெஜிஸ்ட்ரார் யார், எப்போது பதிவானது, எப்போது முடிகிறது என்பது யாருக்கும் தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. விவரம் தர முடியாது, ஆனால் உங்கள் மின்னஞ்சல் இந்தப் பதிவில் இல்லை என்று ரெஜிஸ்ட்ராரிடமிருந்து பதில் வந்தது. பணம் யார் கொடுத்தார்கள் என்பது அங்கே கணக்கில் வராது. பதிவில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர்.

தளத்தையாவது தூக்கிக்கொண்டு போகலாமா என்று பார்த்தேன். நோ-கோட் பில்டர்களில் இதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. விக்ஸில் கட்டிய தளத்தை எடுத்து வேறு இடத்தில் ஹோஸ்ட் செய்ய முடியாது. ஃப்ரேமரிலும் அப்படியே. ஸ்கொயர்ஸ்பேஸ் ஒரு பகுதியை வேர்ட்பிரஸ்ஸுக்கு ஏற்ற கோப்பாகத் தரும். வெப்ஃப்ளோ கட்டணத் திட்டத்தில் தளத்தின் நிரலை எடுக்க விடும், ஆனால் சிஎம்எஸ்ஸும் (உள்ளடக்கத்தைச் சேர்த்து மாற்றும் பகுதி) படிவங்களும் வெளியே வேலை செய்யாது. பபிளில் டேட்டாவை எடுக்கலாம், செயலியை எடுக்க முடியாது. வேர்ட்பிரஸ் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் என்பதால் முழுசாகப் பெயர்த்துக்கொண்டு போகலாம். பதிலுக்கு அப்டேட், பேக்கப் எல்லாம் நம் பொறுப்பு. இதனால் நோ-கோட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, இப்போதும் நான் அதில்தான் இருக்கிறேன். பெயர்த்து எடுக்க முடியாத இடத்தில் கட்டுகிறோம் என்பதால் கணக்கு நம்முடையதாக இருக்க வேண்டும். அதே பில்டருக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தளத்தை மாற்றுவது விக்ஸ், வெப்ஃப்ளோ இரண்டிலுமே சில கிளிக்குகளில் முடிகிற வேலை. அதற்குத்தான் என்னிடம் ஒரு முழுத் தளத்தின் விலை கேட்கப்பட்டது.

நான் கொடுக்கவில்லை. நாலாம் நாள் தளத்தை இணையத்திலிருந்து இறக்கிவிட்டார். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பாதிப் பக்கங்கள் பதிந்திருந்தன, அங்கிருந்து எழுத்தைக் காப்பி செய்துகொண்டேன். மீதியை ஞாபகத்திலிருந்து எழுதினேன். புது டொமைனை என் பெயரிலேயே வாங்கி, முதலில் பேசிய அந்தப் பெண்ணுக்கே எழுதினேன். அவர் பழையதைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்தபோதுதான் விலை எதற்கு என்பதே புரிந்தது. பக்கங்களின் எண்ணிக்கைக்கு அவர் விலை வைக்கவில்லை. எனக்கு 14 பக்கம், ஆனால் வகை நாலுதான். ஒரு வகையைச் சரியாகக் கட்டிவிட்டால் மற்றவை உள்ளடக்கத்தை நிரப்புவதுதான் என்றார். போன், டேப்லெட், கணினி மூன்றிலும் சரிபார்ப்பதற்குத் தனி வரி. படிவம் வந்து சேருகிறதா என்று இருவரும் சேர்ந்து சோதிப்பதற்குத் தனி வரி. இரண்டு சுற்றுத் திருத்தம் உள்ளே, அதற்குமேல் மணிக்கணக்கு. பில்டர் சந்தாவும் டொமைனும் "நீங்கள் நேரடியாகக் கட்ட வேண்டியவை" என்று கடைசியில் தனியாக இருந்தன. ஒப்படைக்கும் நாளில் ஒரு மணி நேரம் எனக்குக் கற்றுக்கொடுப்பதும் விலைக்குள் அடக்கம். பணத்தை நாலு தவணையாகப் பிரித்தோம். கடைசித் தவணை ஒப்படைத்தபின். முதல் தவணையைத் திருப்பித் தரமாட்டேன் என்று எழுதியே கொடுத்தார், அது நியாயம்தான். வேலையை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் வாடிக்கையாளர்களையும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

புது டொமைனை இணைக்கும் நாளில் அவர் செய்த ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். நேம்சர்வரை (டொமைனுக்கான தளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் சர்வர்) மாற்றும் முன், மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவுகளை எழுதி வைத்துக்கொண்டு, புது இடத்தில் முதலில் அவற்றைப் போட்டார். அதைச் செய்யாமல் மாற்றினால் தளம் ஜம்மென்று திறக்கும், மின்னஞ்சல் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும். 23 கடிதங்களை இழந்தவளுக்கு அதன் அருமை தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு கூட்டிப் பார்த்தால், முதலிலேயே அந்தப் பெண்ணிடம் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். சான்றிதழ்களில் இருக்கும் பழைய முகவரியை என்னால் புதியதற்குத் திருப்பிவிட முடியவில்லை, ஏனென்றால் டொமைன் இன்னும் அந்தப் பழைய ஃப்ரீலான்சரிடம் இருக்கிறது. இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்து வைத்துக்கொண்டார். திறந்தால் வெறும் பார்க்கிங் பக்கம்தான் (தளம் இல்லாத டொமைனில் தெரியும் பக்கம்) வருகிறது. அந்த வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம். முடிந்த பிறகும் புதுப்பிக்க ரெஜிஸ்ட்ரார் சில வாரம் வரை அவகாசம் தரலாம், அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதன்பின் 5 நாள் கழித்துத்தான் யாரும் வாங்கும்படி வெளியே வரும். தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.